ரப்பர்பால் கலந்த கனகாம்பரம்

ரவாங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை இப்போது சாப்பிடுவதற்கு இல்லை. வேலைக்குப் போகிற மகள் வார இறுதி ஓவிய வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து பழைய செய்தித்தாளும் தூரிகைகளும் கலங்கிய தண்ணீர்க் குவளைகளும் அதில் குடியேறிவிட்டன. நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். போன சனிக்கிழமை, ஜாடியில் பூக்கள் வரையப் போகிறேன் என்று சொல்லி, வெண்ணெய் மாதிரி கெட்டியாக இருந்த ஒரு வெள்ளைப் பசை டப்பாவைத் திறந்தாள். அதை வண்ணத்தோடு குழைத்துத் தகட்டால் அப்பினால் இதழ்கள் படத்தை விட்டு மேலெழுந்து நிற்குமாம். நிற்கட்டும், அது அவள் பாடு. என்னைப் பிடித்துக்கொண்டது அந்த டப்பாவிலிருந்து வந்த நெடி. மூக்குக்குள் புகுந்து லேசாகச் சுள்ளென்று குத்துகிற நெடி.

"என்னம்மா, கண்ணு கலங்குது?" என்றாள்.

"நெடிதான்" என்றேன். பாதி உண்மை.

தோட்டத்து வாழ்க்கை உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மரத்திலிருந்து வடிந்த ரப்பர்பால், அதைச் சேர்த்து வைக்கும் ஸ்டோருக்குப் போய்ச் சேரும் முன் உறைந்துவிடக் கூடாதென்று வாளியில் கொஞ்சம் அமோனியா விடுவார்கள். அந்த நெடி மரம் வெட்டப் போகிறவர்களின், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுப்பவர்களின், கையில், சட்டையில், தலைமயிரில் எல்லாம் ஏறிவிடும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. நாங்கள் அதை ஒரு நாற்றமாகவே நினைத்ததில்லை. வீட்டுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கோல சிலாங்கூர் பக்கத்தில் ஒரு தோட்டம். ஐந்தாம் படிவத் தேர்வில் ஓவியப் பாடத்தில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தேன். மற்றப் பாடங்களைப் பற்றி இங்கே பேச வேண்டாம். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு தோட்டத்துப் பாலர் பள்ளிக்கு ஆசிரியை ஆகிவிட்டேன். பத்தொன்பது வயதில் குடையும் கைப்பையுமாக லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளின் வாசல் வழியே நடந்து போகும்போது எனக்கே என்னைப் பார்த்துக் கொஞ்சம் மரியாதை வரும். பிள்ளைகளுக்குத்தான் வரவில்லை.

மாதத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்துக் கோல சிலாங்கூர் டவுனுக்குப் போய், சீனர் புத்தகக் கடையில் போஸ்டர் கலர் வாங்கி வருவேன். வாங்குவதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் கருவாட்டு வாசனைக்கு நடுவே ஒரு சுற்று, மெலாவத்தி மலையடியில் குரங்குகளுக்குக் கடலை, ஆற்றங்கரையில் நின்று படகு பார்ப்பது என்று அரை நாள் ஓடிவிடும். அம்மா கேட்டால் பஸ் வரவில்லை என்பேன். அந்தக் காலத்து பஸ்களும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் ஒத்துழைத்தன.

பக்கத்து வீடு தங்கம் அக்காவுடையது. லயத்தில் பக்கத்து வீடு என்றால் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவர்கள் வீட்டில் தாளிக்கிற கடுகு எங்கள் வீட்டில் வெடிக்கும். தங்கம் அக்காவுக்குப் பூப் பைத்தியம். வெட்டிய எண்ணெய்த் தகரங்களில் கனகாம்பரமும் சாமந்தியும் ரோஜாவும் வைத்திருந்தார். விடிவதற்கு முன்னால் மரம் வெட்டப் போகும்போதுகூடக் கொண்டையில் ஒரு துண்டுக் கனகாம்பரம் இருக்கும். அதன்மேல் துணி கட்டி, அதன்மேல் விளக்கை மாட்டிக்கொள்வார். "அந்த இருட்டுல யாருக்குடி காட்டப் போற?" என்று என் அம்மா கேலி செய்வார். "பால் மரத்துக்குத்தான்" என்பார் அக்கா.

அவர் கணவர் மணியம் பால் லோரியில் வேலை. மழை பெய்து ஊறிய மண் சாலையில் ஒருநாள் அந்த லோரி கவிழ்ந்தது. அதைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, சொல்ல எனக்கு வராது. பதினாறாம் நாள் கருமாதியில், வழக்கப்படி, தங்கம் அக்காவுக்குக் கடைசியாகத் தலை நிறையப் பூ வைத்து, பிறகு அதை எடுத்தார்கள். எடுத்தவர்களும் தாலி இழந்த பெண்கள்தான். அக்காவுக்கு அப்போது இருபத்தாறோ இருபத்தேழோ இருக்கும்.

அதன் பிறகும் அவர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருந்தார். பறிப்பது மட்டும் இல்லை. கனகாம்பரம் செடியிலேயே காய்ந்து விழும். லயத்துப் பெண் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "பறிச்சிக்கிங்க புள்ளைங்களா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். எனக்கு அந்தப் பூவை வைத்துக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. வைத்துக்கொள்ளாமல் இருந்தால் அவர் மனம் வருந்தும் என்றும் இருந்தது. எது சரியென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஒரு பிற்பகல். மரம் வெட்டியவர்கள் எல்லாம் குளித்துச் சாப்பிட்டுக் கண்ணயர்கிற நேரம். லயம் முழுக்க ஓர் ஓசை இருக்காது, எங்கோ ஒரு வானொலி மட்டும் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும். வீட்டின் முன்தாழ்வாரத்தை நாங்கள் அஞ்சடி என்போம். அங்கே உட்கார்ந்து பாலர் பள்ளிச் சுவருக்கு ஒரு பூச்சாடி வரைந்துகொண்டிருந்தேன். தங்கம் அக்கா வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றார். நெடுநேரம் பார்த்தார்.

"இது என்ன பூ புள்ள?"

"சும்மா, பூ."

"சும்மா பூன்னு ஒரு பூ இருக்கா?"

ஐந்தாம் படிவத்தின் ஓவியத் தேர்ச்சி அந்த ஒரு கேள்வியில் காலி. நான் தூரிகையை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். மறுநாள் எங்கிருந்தோ தேயிலைப் பெட்டியின் பலகை ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். தகரத்திலிருந்து கனகாம்பரத்தை அவர் பறிக்கவில்லை, என்னைப் பறிக்கச் சொன்னார். பால் பிடிக்கிற மங்கு ஒன்றில் தண்ணீர் ஊற்றிப் பூவை வைத்தோம். அதுதான் எங்கள் ஜாடி.

போஸ்டர் கலரைப் பலகை குடித்துவிட்டது. எத்தனை பூசினாலும் துவைத்த சேலை மாதிரி வெளிறித் தெரிந்தது. "பூவுக்கு ஒரு சதை இருக்கு புள்ள, இதுல அது இல்ல" என்றார் அக்கா. அடுத்த நாள் ஸ்டோரிலிருந்து வரும்போது ஒரு மங்கு நிறைய ரப்பர்பால் கொண்டுவந்து அதில் ஆரஞ்சு வண்ணத்தைக் கொட்டிக் கலக்கினார். படித்தவள் என்ற முறையில் நான் தடுத்திருக்க வேண்டும். நானோ இன்னொரு குச்சியை எடுத்து நானும் கலக்கினேன்.

அற்புதமாக இருந்தது. வண்ணம் தயிர் மாதிரி கெட்டிப்பட்டது. அப்பினால் அப்பிய இடத்திலேயே நின்றது. முதல் பலி என் தூரிகைகள்தான். பால் பட்டு உறைந்து ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு ரப்பர் உருண்டை. பாலர் பள்ளிப் பிள்ளைகள் அந்த மாதம் விரலால்தான் வரைந்தார்கள், அவர்களுக்கு அது பிடித்தும் இருந்தது. நாங்கள் ஈர்க்குச்சி நுனியைக் கடித்துப் பிசிராக்கி இதழ் வரைந்தோம். தண்டுக்குக் கட்டைவிரல். இலை நரம்பைக் கொண்டை ஊசியால் கீறினோம். பரந்த இடங்களுக்கு மரம் வெட்டும் உளியின் தட்டைப் பக்கம்.

ரப்பர்பாலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஈரத்தில் வெள்ளை, காய்ந்தால் கண்ணாடி. அதனால் நாங்கள் மாலையில் வெளிர் ரோஜா நிறத்தில் விட்டுப்போன பூ, காலையில் எழுந்து பார்த்தால் ரத்தச் சிவப்பில் இருக்கும். சந்தன நிறம் மஞ்சளாகியிருக்கும். அக்கா மரம் வெட்டக் கிளம்பும் முன் விளக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஓடிப்போய்ப் பார்ப்போம். நாங்கள் தூங்கும்போது அது தன் பாட்டுக்குப் பூத்துவிட்டது போலத் தோன்றும். பிறகு அதன்மேல் இன்னொரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று. அடியில் கருஞ்சிவப்பு, மேலே ஆரஞ்சு, விளிம்பில் வெயில் பட்ட இடம் மட்டும் வெளுப்பு. பலகை இடுக்குகள் வழியே கோடு கோடாக விழும் வெயிலில் உட்கார்ந்து, ஒரு பூச்சு காய்வதற்குக் காத்திருக்கும் அந்தப் பிற்பகல்களில் நாங்கள் என்ன பேசினோம் என்று நினைவில்லை. பேசவே இல்லையோ என்னவோ. இன்றும் ஏதாவது ஒரு மதியத்தில் காரணமில்லாமல் மனம் நிறைந்து இருந்தால், அது அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

படத்தை வீட்டில் மாட்ட வேண்டும் என்றார் அக்கா. அங்கேதான் சிக்கல். அவரோடு இருந்தவர் மாமியார் காளியம்மா. நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். சின்ன உருவம், பெரிய குரல். மணியம் போன பிறகு அந்த வீட்டில் இந்த இரண்டு பெண்களும்தான். அக்காவுக்குத் தாய் தகப்பன் இல்லை. மாமியார்தான் எல்லாம்.

"தாலியறுத்தவ வீட்டுச் செவுத்துல பூவா?" என்றார் காளியம்மா பெரியம்மா.

"வரஞ்ச பூதான அத்த."

"வரஞ்சா மட்டும் அது என்ன கத்திரிக்காயா? நான் சொல்லிட்டேன். அந்தப் படம் செவுத்துல ஏறுன அன்னைக்கு நான் சுங்கை ஆயர் தாவாருல என் பெரிய மவன் வூட்டுக்குப் பஸ் ஏறிருவேன்."

வெறும் மிரட்டல் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சொன்னால் செய்கிறவர். அவர் போய்விட்டால் அந்த வயதில், அந்த லயத்தில், தங்கம் அக்கா தனியாக இருக்க முடியாது. ஊர் விடாது. அக்கா படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தார். அன்று மாலை துணி துவைக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார். "வைக்கத்தான் கூடாது, சரி. பாக்கக் கூடவா கூடாது?" அவர் அழவில்லை. நான்தான் அழுதேன்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடி முழுக்க இதே பேச்சு. சாமி படத்தில் பூ இருக்கிறதே, அதை மாட்டலாமா கூடாதா என்றார் ஒருவர். புடவையில் பூப்போட்டது கட்டுகிறாளே என்றார் இன்னொருவர். அது சின்னப் பூ என்று அதற்குப் பதில் வந்தது. நான் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்துவிட்டு, கலை என்றால் என்ன தெரியுமா என்று ஆரம்பித்தேன். "டீச்சரு, கொடம் நெறஞ்சி வழியுது பாரு" என்றார்கள். அதோடு என் சொற்பொழிவு முடிந்தது. வீட்டுக்கு வந்தால் அம்மா பிடித்துக்கொண்டார். "நாளைக்கு ஒனக்கு மாப்புள்ள பாக்கணும். தாலியறுத்தவளோட ஒக்காந்து பூ வரையிறவன்னு பேரு வாங்காத." அம்மா கெட்டவர் இல்லை. பயந்தவர்.

சில நாட்கள் கழித்து, பாலர் பள்ளி விட்டு வந்ததும் என் வண்ணப் புட்டிகளை எடுத்துவரப் பக்கத்து வீட்டுக்குள் போனேன். அக்கா இன்னும் ஸ்டோரிலிருந்து திரும்பவில்லை. அடுப்படியில் காளியம்மா பெரியம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் படம். புடைத்து நின்ற இதழ்களின்மேல் விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் படத்தைத் தூக்கி எறிவார் என்று பயந்தேன். அவர் திரும்பக்கூட இல்லை.

"இது கனகாம்பரமா?"

"ஆமா பெரிம்மா."

"காம்பு இவ்ளோ தடியா இருக்காது."

"சரி பெரிம்மா."

விரல் நகர்ந்து பலகையின் ஓரத்துக்கு வந்தது. அங்கே வெறும் பலகை.

"இந்த ஓரம் காலியாத்தான் கெடக்கு."

"ஆமா."

"எனக்குச் சாமந்தின்னா உசுரு" என்றார். படத்தை என் பக்கம் தள்ளி, "ஒன்னு வெச்சு விடு" என்றார்.

காளியம்மா பெரியம்மா, என் அம்மா பாவாடை கட்டிய சிறுமியாக இருந்தபோதே கணவரை இழந்தவர். அத்தனை வருடமும் அந்த வாசல் வழியாக எத்தனை பெண்கள் எத்தனை பூவோடு நடந்திருப்பார்கள். அக்கா வந்ததும், அவர் கையாலேயே அந்த ஓரத்தில் ஒரு மஞ்சள் சாமந்தி வைத்தார். வெறும் பலகையின்மேல் நல்ல அடர் மஞ்சள், அதன்மேல் அடுக்கடுக்காக இன்னும் இதழ்கள், நடுவில் கொஞ்சம் காவி. மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் அடர்த்தியா" என்று மேற்பார்வை பார்த்தார். கடைசியில் தீர்ப்பும் சொன்னார். "முன்னால மாட்டாத. அடுப்படியில மாட்டு."

அடுப்படியில் மாட்டினால் யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்திருக்கலாம். லயத்தில் தெரியாமல் இருக்க என்ன இருக்கிறது? முதலில் மேட்டு லயத்து ராமாயி வந்தார். அவரும் கணவர் இல்லாதவர். உப்பு கேட்க வந்தவர் உப்பை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். பிறகு, தன் கல்யாணத்தில் தனக்குத் தாழம்பூ வைத்துத் தைத்துப் பின்னினார்கள் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். "எடம் இருந்தா ஒன்னு வெச்சு விடு தங்கம்." நான் தாழம்பூவைச் சரியாகப் பார்த்ததே இல்லை. என் முயற்சி சோளக்கதிர் மாதிரி வந்தது. ராமாயி அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கோழிகள் கலைந்து ஓடின. அக்கா அதன்மேலேயே இன்னொரு பூச்சு போட்டுத் தாழம்பூவாக்கினார்.

பிறகு பார்வதி. அவருக்கு ரோஜா வேண்டும், ஆனால் நிஜ ரோஜா வேண்டாம். "அவரு திருவிழாவுல வாங்கிக் குடுத்தது பிளாஸ்டிக் ரோஜாதான். அதையே வைலா" என்றார். பிளாஸ்டிக் ரோஜாவை நிஜ ரோஜாவிலிருந்து வேறுபடுத்தி வரைவது எப்படி என்று எந்தத் தேர்விலும் கேட்டதில்லை. அக்கா யோசித்து, இதழ் விளிம்பைச் சமமாக வெட்டினாற்போல் வைத்து, காம்பில் ஒரு கம்பி முறுக்கு போட்டார். பார்வதி அந்த முறுக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இப்படியே ஒவ்வொருவராக வந்தார்கள். பிற்பகலில், ஆண்கள் தூங்கும் நேரத்தில், உப்புக்கும் புளிக்கும் தீப்பெட்டிக்கும் வந்தார்கள். ஒருவர் பூவே வேண்டாம், மரிக்கொழுந்து போதும் என்றார். படத்தில் இருந்த மங்கு தாங்கவில்லை. மங்கின்மேல் பூசி அதைப் பால் வாளியாக மாற்றினோம். ஒரு பூவின்மேல் இன்னொரு பூ ஏறி, படம் ஒரு விரற்கடைத் தடிமனுக்கு வந்துவிட்டது. ஓவிய ஆசிரியர் பார்த்திருந்தால் வெறும் நெரிசல் என்றிருப்பார். எனக்கு அது, கல்யாண வீட்டில் ஒரே கண்ணாடிக்கு முன்னால் தலைகளை நீட்டிக்கொண்டு நிற்கிற பெண்களைப் போல இருந்தது.

ரப்பர்பாலை வண்ணத்தில் கலந்தது எத்தனை பெரிய தப்பு என்பது மெல்லத்தான் தெரிந்தது. இரண்டு மழைக்காலம் போனதும் படம் பழுப்பேறத் தொடங்கியது. ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் எல்லாம் அடுப்புப் புகையும் சேர்ந்து புளி நிறத்துக்கு வந்தன. வெயில் நாளில் பிசுபிசுத்து எறும்பு ஒட்டிக்கொள்ளும். நான் வருத்தப்பட்டேன். அவர்கள் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வருகிறவர்கள் விரலால் தடவி, தங்கள் பூ எதுவென்று கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

எனக்குக் கல்யாணமாகி ரவாங்குக்கு வந்த பிறகு காளியம்மா பெரியம்மா தவறிவிட்டார். சேதி கேட்டு பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். குளிப்பாட்டி, வெள்ளைச் சேலை கட்டி, முன்னறையில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கணவர் இருக்கும்போதே போகிற பெண் என்றால் தலை நிறையப் பூவோடு அனுப்புவார்கள். இவருக்கு அது இல்லை. நரைத்த கொண்டை வெறுமையாக இருந்தது.

எடுக்கிற நேரம் நெருங்கியபோது தங்கம் அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். உளியின் முனையைப் பலகைக்கும் சாமந்திக்கும் நடுவில் கொடுத்து மெதுவாக நெம்பினார். கல்லிலிருந்து தோசை வருவது போல அந்தப் பூ முழுசாக உரிந்து வந்தது. முன்பக்கம் கறுத்துப் போயிருந்தது. அக்கா அதைத் திருப்பினார். பலகையோடு ஒட்டிக் கிடந்த பின்பக்கத்தில் வெளிச்சமும் படவில்லை, புகையும் படவில்லை. முதலில் பூசிய மஞ்சள் அப்படியே இருந்தது.

முன்னறைக்கு வந்து, மஞ்சள் பக்கம் வெளியே தெரியும்படி மாமியாரின் கொண்டையில் வைத்து ஊசி குத்தினார். சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் செருமினார். என் அம்மாதான் எழுந்து போனார். எடுத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். அம்மா குனிந்து, தலையை மூடியிருந்த துணியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, பூ தெரியும்படி சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

தங்கம் அக்காவை அதன் பிறகு நான் பார்த்தது பல வருடங்கள் கழித்து, ரவாங்கில் ஒரு கல்யாண மண்டபத்தில். தோட்டத்தை விட்டபின் சேர்ந்த தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். பாதி நரைத்த தலையில் ஒரு முழம் நிஜக் கனகாம்பரம். அங்கே யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் படத்தைப் பற்றிக் கேட்டேன்.

"படம் ஏது? ராமாயி போனப்ப அவ தாழம்பூவ உரிச்சுக் குடுத்தேன். பார்வதிக்கு அவ ரோசாவ. ஒவ்வொருத்தியாப் போகப் போக, அவவ பூவ அவவளுக்கு வெச்சு அனுப்புனேன். கடைசியில வாளியும் என் பூவும்தான் மிஞ்சிச்சு."

"ஒங்க கனகாம்பரம்?"

"லயத்த ஒடச்சப்ப பலகையோட விட்டுட்டேன்" என்றார் அக்கா. "எனக்கு எதுக்கு?"

லயம் இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள். பால் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. தோட்டத்து இடுகாட்டைப் போன வருடம் தேடிப் பார்த்தேன், புதருக்குள் வழி தெரியவில்லை. எங்கள் படம் அங்கேதான், மண்ணுக்கடியில், ஒவ்வொரு கொண்டையிலும் ஒரு பூவாக, வெளிச்சம் படாத பக்கம் வெளியே தெரியும்படி இருக்கிறது.